கீறலின் ஆழம் தெரியாமல் கை வைக்காதீர்கள்

கிராமத்துச் சாலையில் சீமைக்கருவேல முள் உரசிய கோடும், பார்க்கிங்கில் பைக் ஹேண்டில் இழுத்த கோடும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலவே வெள்ளையாகத் தெரியும். முள் கோட்டைக் கையால் காம்பவுண்ட், அதாவது பெயிண்டை மெல்லத் தேய்த்து மின்னவைக்கும் பசை, போட்டே எடுத்துவிடலாம். ஹேண்டில் கோட்டை அதே காம்பவுண்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இருபுறமும் இருக்கும் நல்ல பெயிண்ட்தான் தேயும். கீறல் வேலையில் காசும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான். கடைக்குப் போய்ப் பாட்டில் வாங்கும் முன், கீறல் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

தகட்டின் மேல் என்னென்ன இருக்கிறது

தொழிற்சாலையில் காரின் கூட்டை முதலில் ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தித் துருத் தடுப்புப் பூச்சு ஏற்றுவார்கள். இது சுமார் 20 மைக்ரான். அதன் மேல் நிறத்துக்கு அடிப்பூச்சான பிரைமர் 30 மைக்ரான் அளவில். பிறகு நிறம் தரும் பேஸ் கோட், 15 மைக்ரான் சுற்றி. எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட், 40 மைக்ரான் அளவுக்கு. மொத்தம் பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தேய்க்கப்போகும் கிளியர் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் கிளியரில்தான் இருக்கின்றன. அதில் கால் பங்குக்கு மேல் தேய்த்து எடுத்துவிட்டால், இன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னினாலும் சில வருட வெயிலில் அந்த இடம் மட்டும் வெளிறி உரியத் தொடங்கும். பானெட்டிலும் கூரையிலும் இது சீக்கிரம் நடக்கும்.

எல்லா வண்டியிலும் கிளியர் இருக்காது. பழைய கார்கள் சிலவற்றிலும், சரக்கு வண்டிகளிலும், மின்னல் துகள் இல்லாத வெறும் வெள்ளை நிறத்திலும் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சாக அடிக்கப்பட்டிருக்கலாம். கண்ணில் படாத ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது காம்பவுண்ட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் ஒற்றைப் பூச்சு. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி எடுக்க வேண்டும்.

மூன்று சோதனைகள்

முதலில் இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். வண்டி நிழலில், தகடு கைக்குச் சுடாமல் இருக்கட்டும். காலை நேரம் நல்லது. மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற பானெட்டில் எந்த வேலையும் செய்யக் கூடாது.

கீறல் மேல் தண்ணீரைத் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியரோடு நின்றுவிட்டது. நனைந்தும் தெரிந்தால் இன்னும் கீழே போயிருக்கிறது.

அடுத்தது நகம். கோட்டுக்குக் குறுக்கே விரல் நகத்தை அழுத்தாமல் இழுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கிப்போனால் காம்பவுண்ட் போதும். லேசாகத் தட்டுப்பட்டால் ஈரமாகத் தேய்க்க வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் நின்று மாட்டினால் தேய்க்கும் பேச்சே வேண்டாம். அது நிரப்ப வேண்டிய கீறல்.

மூன்றாவது, பள்ளத்தின் அடியில் என்ன நிறம். சாம்பல் அல்லது வெள்ளைப் பட்டை என்றால் பிரைமர் வரை வந்திருக்கிறது. வெள்ளி மாதிரி மின்னினால் தகடு. காவி நிறம் என்றால் துரு ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. பம்பரில் கறுப்பாகத் தெரிவது அடியிலுள்ள பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, அதனால் அவசரமும் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. மஞ்சள் தூணிலோ வேறொரு வண்டியிலோ உரசி, எதிராளியின் பெயிண்ட் உங்கள் கார் மேல் அப்பிக்கொண்டிருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பாதிக்கு மேல் துடைத்தாலே போய்விடும். மினரல் டர்பன்டைன் தொட்ட மெல்லிய துணியால் மெதுவாகத் தேய்த்து, மிச்சத்துக்குக் காம்பவுண்ட் போடுங்கள். தின்னர் வேண்டாம். தொழிற்சாலைப் பெயிண்ட் ஒரு துடைப்பைத் தாங்கினாலும், முன்பு எப்போதோ பட்டறையில் டச்சப் செய்த, அதாவது கீறிய இடத்துக்கு மட்டும் பெயிண்ட் வைத்த இடமாக இருந்தால் அது கரைந்து துணியோடு வந்துவிடும். பிளாஸ்டிக் பட்டைகளும் கெட்டுப்போகும்.

பற்பசை, தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் வைத்தியங்களைப் பற்றி ஒரு வரி போதும். எண்ணெயும் பாலிஷும் தண்ணீர்ச் சோதனையில் தண்ணீர் செய்ததைத்தான் செய்கின்றன, கொஞ்சம் கூடுதல் நாளைக்கு. பிறகு அங்கே பெயிண்ட் வைக்கும்போது ஒட்டவிடாமல் கெடுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

காம்பவுண்டால் எடுப்பது

நகம் மாட்டாத கீறலுக்கு இது. கரடு குறைந்த காம்பவுண்டில் தொடங்குங்கள். அது போதாவிட்டால் மட்டும் ஒரு படி கரடானதற்குப் போகலாம். பக்கத்திலுள்ள கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் கதவின் மடிப்பு விளிம்புகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ரப்பரில் காய்ந்த காம்பவுண்ட் வெள்ளையாக நிற்கும், கழுவினாலும் லேசில் போகாது. விளிம்புகளில் கிளியர் மெலிந்திருக்கும். தேய்ப்பின் அழுத்தமும் அங்கேதான் குவியும். பெயிண்ட் அம்பலமாகும் முதல் இடம் அது.

ஸ்பாஞ்ச் பேடில் ஒரு ரூபாய் நாணய அளவு காம்பவுண்ட் எடுத்து, ஒரு சதுர அடிக்கு மேல் போகாமல், மிதமான அழுத்தத்தில் நேர்க்கோடாக முன்னும் பின்னும், பிறகு குறுக்காகத் தேய்க்கவும். வட்டமாகத் தேய்த்தால் அந்த வட்டங்கள் வெயிலில் சிலந்தி வலையாகத் தெரியும். இரண்டு நிமிடம் கழித்து, காயும் முன்னே, சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணியால் துடைத்துப் பாருங்கள். பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட் இதற்கு ஆகாது. அதில் சிக்கியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், புதுக் கீறல் போட.

போய்விட்டதா என்று முடிவு செய்வதற்கு முன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து அந்த இடத்தைத் துடைக்க வேண்டும். 'ஸ்கிராட்ச் ரிமூவர்' என்று விற்கும் பாட்டில்கள் பலவற்றில் பள்ளத்தை நிரப்பி மறைக்கும் எண்ணெயும் மெழுகும் இருக்கும். இரண்டு கழுவலில் கோடு திரும்ப வருவது அதனால்தான். ஆல்கஹால் துடைப்புக்குப் பிறகும் தெரியாவிட்டால் நிஜமாகவே போயிருக்கிறது. மூன்று சுற்றுத் தேய்த்தும் லேசான நிழல் மாதிரி மிஞ்சினால் அதோடு விடுவது நல்லது. அந்த நிழலுக்காகக் கிளியரைச் செலவழிக்க வேண்டாம்.

வாட்டர் பேப்பர்

நகம் லேசாகத் தட்டும் கீறலுக்கு 2000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் குறையக் குறையத் தாள் கரடாகும்; அதற்குக் கீழே, 1000, 1200 எல்லாம், கிளியர் மேல் கை பழகாதவர்கள் தொடக் கூடாது. பேப்பரைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு விடுங்கள். விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் நுனி அழுத்தும் இடத்தில் பள்ளம் விழும். சின்ன ரப்பர் கட்டையில், வீட்டில் இருக்கும் அழிப்பான் ஆனாலும் சரி, சுற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குச் சாய்வாகப் பத்துப் பன்னிரண்டு முறை, அழுத்தமே இல்லாமல். துடைத்துப் பாருங்கள். வழியும் தண்ணீர் பால் மாதிரி இருக்க வேண்டும். அதில் காரின் நிறம் கலந்து வந்த கணமே நிறுத்துங்கள்: கிளியர் முடிந்து பேஸ் கோட் வந்துவிட்டது, இனி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. ஒற்றைப் பூச்சு வண்டியில் மட்டும் நிறம் வருவது சகஜம்.

கீறலின் அடிமட்டம் வரை தேய்த்துச் சமப்படுத்துவது நோக்கமல்ல. ஒளி பட்டுத் தெறிப்பது கீறலின் கூரான கரைகளில்தான். கரைகள் மழுங்கினாலே கண்ணுக்குக் கோடு பாதி மறைந்துவிடும். பிறகு 3000 நம்பரால் 2000 போட்ட கோடுகளை எடுத்து, மங்கிய இடத்தைக் காம்பவுண்டால் மின்னவைக்க வேண்டும். கையாலேயே முடிப்பவர்கள் 3000-ஐத் தாண்டிக் குதித்தால், மணிக்கணக்கில் தேய்த்தும் மங்கல் போகாது.

மெஷின் இருந்தால் சுழன்றபடி அதிரும் டூயல் ஆக்‌ஷன் வகையே வீட்டுக்கு ஏற்றது. பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடம், நொடிக்கு ஓர் அங்குலம் நகரும் வேகம். டிரில் மெஷினில் பேடை மாட்டிப் பாலிஷ் போடுவது மலிவான யோசனைதான், ஆனால் அது ஒரே அச்சில் சுழல்வதால் ஓரிடத்தில் இரண்டு நொடி நின்றாலும் சூடு ஏறிப் பெயிண்ட் எரியும். அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது. அதனால் தகட்டைவிட அங்கே சீக்கிரம் எரியும்.

நிரப்ப வேண்டிய கீறல்

நகம் நின்று மாட்டும் கீறலுக்கு டச்சப்தான். இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: துருவை நிறுத்துவது, கண்ணுக்கு மறைப்பது. முதலாவது முழுதாக முடியும். இரண்டாவது ஓரளவுக்குத்தான் முடியும், குறிப்பாகச் சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் நிறங்களில். அலுமினியத் துகள்கள் ஸ்பிரேயில் படுத்துக்கொண்டு ஒளியைத் திருப்பும். பிரஷ்ஷில் தொட்டு வைக்கும்போது தாறுமாறாக நிற்பதால் அதே நிறக் குறியீடு கொண்ட பெயிண்டும் கருமையாகத் தெரியும். வெள்ளைத் தளத்தின் மேல் முத்துப் பூச்சு, அதன் மேல் கிளியர் என்று மூன்று கட்டமாக அடித்த பேர்ல் வெள்ளை இன்னும் மோசம். ஓரடி தள்ளிப் பார்த்தால் தெரியாத அளவுக்கு வந்தால் நல்ல வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டை நிறத்தின் பெயர் சொல்லி வாங்காதீர்கள், நிறக் குறியீடு சொல்லி வாங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ, பானெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் தகட்டிலோ அது இருக்கும். டொயோட்டாவில் 'சி/டிஆர்' என்ற வரிக்கு எதிரே பாருங்கள். 040 என்றால் வெள்ளை, 1எஃப்7 என்றால் சில்வர். அதே குறியீட்டிலும் வருடத்துக்கு வருடம் சாயல் கொஞ்சம் மாறும், ஐந்து வருட வெயிலும் தன் பங்குக்கு வெளிற வைத்திருக்கும். அதனால் முதலில் ஒரு வெள்ளை அட்டையில் தடவி, காயவைத்து, கதவோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு.

தகடு தெரிந்தால் நாள் தள்ளக் கூடாது. கடலோர ஊர்களில் மறுநாள் காலையிலேயே காவி படர ஆரம்பித்துவிடும். 400 நம்பர் பேப்பரை மடித்து, அந்த மடிப்பு விளிம்பால் பள்ளத்துக்குள் மட்டும் சுரண்டித் தகடு மின்னும் வரை துருவை எடுங்கள். சின்னக் குழிகளில் ஒளிந்திருக்கும் துருவுக்கு, அதை மேலும் பரவாமல் நிறுத்தும் திரவமான ரஸ்ட் கன்வர்ட்டரைப் பல்குச்சி நுனியால் வைத்து, பாட்டிலில் சொன்ன நேரம் முழுதும் விடுங்கள். துரு மேல் அடித்த பெயிண்ட் சில மாதத்தில் கொப்புளமாக எழும்பும். பிறகு ஆல்கஹால் கலவையால் துடைப்பு. அதற்குப் பிறகு விரலால் அந்த இடத்தைத் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெயே பெயிண்டை விலகவைக்கப் போதும்.

தகடு தெரிந்த இடத்துக்கு முதலில் பிரைமர், மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு, அரை மணி நேரம் காயட்டும். பிரைமரோடு விட்டுவிட்டு மழையில் வண்டி எடுக்க வேண்டாம். வேறெதுவும் கலக்காமல் அப்படியே பூசும் ஒற்றைக்கூறு பிரைமர்களில் பெரும்பாலானவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்பவை, அடியில் துரு ஓசைப்படாமல் ஓடும்.

நிறப் பாட்டிலை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். மூடியோடு வரும் பிரஷ் கோட்டுக்கு வெளியே அப்பும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மிக மெல்லிய ஓவிய பிரஷ்ஷோ பல்குச்சியோ எடுங்கள். ஒரு சொட்டைப் பள்ளத்துக்குள் வைத்தால் அதுவே ஓடி நிரப்பிக்கொள்ளும். ஒரேயடியாக நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் நிற்கும். மூன்று நான்கு மெல்லிய பூச்சு, இடையில் அரை மணி நேரம். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம். தின்னர் ஆவியாகும்போது பெயிண்ட் சுருங்கும் என்பதால், நேற்று சமமாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். கவலைப்படாமல் இன்னொரு பூச்சு வையுங்கள். நிறம் சுற்றுமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்போது கிளியருக்கு மாறி, அதைச் சுற்றுமட்டத்தைவிட மயிரிழை உயரமாக ஏற்றி நிறுத்துங்கள்.

இனிமேல் தேவை பொறுமை. ஒரு நாளில் கை வைத்தால் வாட்டர் பேப்பர் பெயிண்டைப் பிய்த்துக்கொண்டு வரும். குறைந்தது ஒரு வாரம் விட்டு, மேடாக நிற்கும் பகுதியை மட்டும் 2000 நம்பரால் தட்டையாக்கி, 3000, காம்பவுண்ட் என்று முன்பு சொன்ன வரிசையில் முடிக்கவும். மேட்டை எடுக்கும்போது சுற்றியுள்ள நல்ல கிளியர் தேயாதிருக்க, இருபுறமும் டேப் ஒட்டி அது தேயும் வரை மட்டும் தேய்க்கலாம். அந்த மேட்டோடு அப்படியே விட்டுவிடுவதும் தப்பில்லை. துருவைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

பம்பர் மூலைக்கு ஸ்பிரே கேன்

வீட்டில் ஸ்பிரே அடித்துப் பழக நல்ல இடம் பம்பர் மூலை. சின்ன இடம், வளைவு ஒளியைச் சிதறடிப்பதால் நிற வித்தியாசமும் அவ்வளவாகத் தெரியாது. கதவின் நடுவிலோ பானெட்டிலோ கேனால் அடித்த பட்டை எப்போதும் பட்டையாகவே தெரியும்.

கீறல் சிராய்த்த இடத்தை 400-ஆல் சமப்படுத்தி, சுற்றி நாலு அங்குலம் வரை 800-ஆல் பளபளப்பு சாகும்படி தேயுங்கள். வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அதில் சாதாரணப் பெயிண்ட் பிடிக்காமல், பிரஷர் வாஷில் தாளாக உரிந்து வரும். டேப்பை அழுத்தி ஒட்டாமல், விளிம்பைப் பின்னால் மடக்கிவிட்டு ஒட்டினால் பெயிண்ட் படிக்கட்டாக நிற்காது.

கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பெயிண்ட் இடத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே முடியுங்கள். பிரைமர் இரண்டு பூச்சு, காய்ந்ததும் 800-ஆல் லேசான தேய்ப்பு, நிறம் மூன்று நான்கு பூச்சு, கிளியர் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். முதல் பூச்சு தூறலாக, அடி தெரியும்படி இருக்க வேண்டும். எல்லாரும் கெடுத்துக்கொள்வது முதல் பூச்சிலேயே மறைக்கப் பார்த்துத்தான்.

பெயிண்ட் வட்டவட்டமாக விலகி மீன்கண் மாதிரி நின்றால் அடியில் சிலிக்கானோ மெழுகோ இருக்கிறது. மேலே மேலே அடிப்பது உதவாது, காயவிட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி தொடங்க வேண்டும். சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரேயை அந்தப் பக்கமே திறக்காதீர்கள். வழிந்தால் கிட்டப் பிடித்திருக்கிறீர்கள். மேல் பரப்பு மணல் மாதிரி சொரசொரத்தால் தூரமாகப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது வெயிலில் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்திருக்கிறது. கிளியர் பால் மாதிரி வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம்: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, நீர் அதில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஸ்பிரே வேண்டாம் என்பது இதனால்தான்.

பூச்சை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த 2கே கிளியரும் கேனில் கிடைக்கிறது, உறுதியும் அதில்தான். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடியது; துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதைப் பட்டறைக்கு விட்டுவிட்டு வீட்டில் ஹார்ட்னர் இல்லாத சாதாரண 1கே கிளியரோடு நில்லுங்கள், திறந்த வெளியில், கரிம ஆவி வடிகட்டி உள்ள மாஸ்க்கோடு. 1கே கிளியரைப் பெட்ரோல் கரைக்கும் என்பதால் டேங்க் மூடிப் பக்கம் மட்டும் வேண்டாம்.

பட்டறைக்கு எப்போது

கீறலோடு பள்ளமும் இருந்தால், தகடு தெரிய ஓரடிக்கு மேல் நீண்டிருந்தால், பானெட்டில் ஆழமாக இருந்தால் நேரே பட்டறைதான். பள்ளத்தை நிரப்பப் பட்டி வைக்கும் வேலை என்றால் ஹார்ட்னர் அளவைப் பாருங்கள்: 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் சுற்றி. சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால், சில வாரத்தில் மேல் பெயிண்டில் கறை எழும்.

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடும் முன் கணக்குப் பார்க்க வேண்டும். 1500 சிசி வரையிலான காருக்கு 1000 ரூபாயும், அதற்கு மேல் 2000 ரூபாயும் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத வசதி, இல்லாத பாலிசியில் பெயிண்ட் பொருள் செலவில் 50 சதவீதம் கழிப்பார்கள். அதோடு, கிளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியாக வருடக்கணக்கில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ், 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறியிருப்பது, அடுத்த புதுப்பித்தலில் போய்விடும். கதவோ பானெட்டோ, ஒரு பேனல் பெயிண்டுக்குக் கிளெய்ம் போடுவது பலருக்கு நஷ்டமாகத்தான் முடியும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை: நிறத்தைக் குறியீடு பார்த்துக் கலந்து, அட்டையில் அடித்துக் காட்டுவார்களா? கிளியரை டேப் ஒட்டிய பட்டையோடு நிறுத்தாமல் பேனல் முழுக்க அடிப்பார்களா? 2கே கிளியர்தானே? கைப்பிடியையும் கண்ணாடி ரப்பரையும் கழற்றுவார்களா, அல்லது டேப் சுற்றி அடிப்பார்களா? டேப் விளிம்பில் நிற்கும் பெயிண்ட்தான் ஒன்றிரண்டு வருடத்தில் முதலில் உரியும். பெயிண்ட் அடிக்கும் அடைப்பு அறையான பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டுக் கொடுத்தாலும், வண்டியை எடுத்த பிறகு ஒரு மாதத்துக்கு வாக்ஸ், செராமிக் கோட்டிங் எதுவும் போட வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் அதுவரை மெதுவாக வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே மூடினால் கிளியர் மங்கும். முதல் சில நாள் வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அன்றைக்கே ஊறவைத்து எடுத்துவிடுங்கள், புதுக் கிளியரில் அது தடம் பதித்துவிடும்.